சிறுநீரகக் கல்லும் சிறுதுளைச் சிகிச்சையும்: அச்சமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தையொட்டி நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வு அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

சிறுநீரகக் கல்லுக்கு இன்று செய்யப்படும் சிறுதுளைச் சிகிச்சைகள் எந்த அளவுக்குப் பயன் தருகின்றன, எந்த அளவுக்குப் பாதுகாப்பானவை என்பதைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் நம்மைப் பணித்திருக்கின்றனர். இத்தலைப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு முதற்கண் நமது நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். ஏனெனில், நம் மஹல்லாவில் கல் உபாதை எட்டிப் பார்க்காத குடும்பம் அரிது. வளைகுடா நாடுகளின் கடும் வெப்பத்தில் உழைத்துத் திரும்பும் நம் சகோதரர்களுள் பலர், சம்பாத்தியத்தோடு சிறுநீரகக் கல்லையும் சுமந்து வருகின்றனர். வியர்வையாக நீர் வெளியேறி, குடிக்கும் நீர் குறையும்போது சிறுநீர் அடர்த்தியாகி, அதில் கரைந்துள்ள உப்புகள் படிகங்களாகத் திரள்கின்றன. கல் பிறக்கும் வழி இதுதான்.

இந்நோயைப் பொறுத்தவரை நம்மிடையே இருவகை மனப்போக்குகளைக் காண்கிறோம். ஒரு சாரார், ‘ஆபரேஷன்’ என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அஞ்சி, வலி மாத்திரையிலும் வாழைத்தண்டுச் சாற்றிலும் ஆண்டுகளைக் கழித்து, இறுதியில் சிறுநீரகத்தையே இழக்கும் நிலைக்கு வருகின்றனர். மற்றொரு சாரார், ‘லேசர்தானே, காலையில் போய் மாலையில் வந்துவிடலாம்’ என்று எண்ணி, முன்பரிசோதனையையும் பின்கவனிப்பையும் புறக்கணித்து இன்னலுக்கு ஆளாகின்றனர். இவ்விரு சாராரையும் மனத்திற்கொண்டே நாம் பேச விழைகிறோம்.

வரலாற்றின் ஒரு பார்வை

கல் நோய் மனிதனுக்குப் புதியதன்று. பண்டைய கிரேக்க மருத்துவரான ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழியிலேயே, கல்லுக்காகக் கத்தி எடுப்பதில்லை, அதை அத்தொழில் அறிந்தவர்களிடம் விட்டுவிட வேண்டும் என்ற கருத்து இடம்பெற்றுள்ளது. அந்த அளவுக்கு அது உயிராபத்து நிறைந்த அறுவையாக இருந்தது. நம் நாட்டின் சுசுருத சம்ஹிதையும் சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையை விவரிக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் குர்துபா நகரப் பகுதியில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அல் ஸஹ்ராவி, தமது ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் பெருநூலின் அறுவை மருத்துவப் பகுதியில், பெரிய கல்லை முழுமையாக எடுக்க முயலாமல், உள்ளேயே உடைத்துத் துண்டு துண்டாக வெளிக்கொணரும் கருத்தைப் பதிவு செய்தார். 1824-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ழான் சிவியால் என்ற மருத்துவர், உடலை அறுக்காமல் சிறுநீர் வழியாகவே கருவியைச் செலுத்திச் சிறுநீர்ப்பைக் கல்லை நொறுக்கிக் காட்டினார்.

ஆயினும் சிறுநீரகத்திலுள்ள கல் மட்டும் நெடுங்காலம் கத்திக்கே உரியதாக இருந்தது. விலாவை ஒட்டி ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, சில வேளைகளில் விலா எலும்பின் ஒரு பகுதியையும் நீக்கி, சிறுநீரகத்தைத் திறந்து கல்லை எடுத்தனர். நோயாளி மீண்டெழுந்து தொழிலுக்குச் செல்ல வாரக்கணக்கில் ஆயிற்று. மீண்டும் கல் உருவானால் அதே தழும்பின் மீது மறுபடியும் கத்தி வைக்க வேண்டியிருந்தது.

இந்நிலை 1976-ஆம் ஆண்டில் மாறத் தொடங்கியது. அவ்வாண்டு சுவீடன் நாட்டின் ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன் ஆகியோர், முதுகுப்புறத்தில் சிறுதுளையிட்டு, அதன் வழியே சிறுநீரகக் கல்லை வெளியே எடுத்த செய்தியை மருத்துவ உலகுக்கு அறிவித்தனர். 1980-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் கிறிஸ்டியன் ஷௌசி தலைமையிலான குழுவினர், உடலில் ஒரு துளைகூட இடாமல், வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்தி ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லை உடைத்தனர். அக்கருவியை உருவாக்கிய டோர்னியர் ஒரு விமான நிறுவனம் என்பது வியப்புக்குரிய செய்தியாகும். அதிவேக விமானத்தின் மீது மழைத்துளி மோதும்போது எழும் அதிர்வலையை ஆராய்ந்தவர்களின் அறிவு, பிற்காலத்தில் நோயாளியின் வலி தீர்க்கும் மருந்தாயிற்று.

இன்றுள்ள மூன்று வழிகள்

முதலாவது, அதிர்வலைச் சிகிச்சை. நோயாளி மேசையில் படுத்திருக்க, எக்ஸ்ரே அல்லது அல்ட்ரா சவுண்ட் துணையுடன் கல்லைக் குறிவைத்து அலைகள் செலுத்தப்படுகின்றன. கல் தூளாகிச் சிறுநீரோடு வெளியேற வேண்டும். பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, அதிகக் கடினமில்லாத கல்லுக்கே இது ஏற்றது. சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள கல் உடைந்தாலும், அதன் துகள்கள் மேலேறி வெளிவருவது கடினம். கர்ப்பிணிகளுக்கும், இரத்தம் உறையாத குறைபாடு சரிசெய்யப்படாதவர்களுக்கும், சிறுநீரில் கிருமித் தொற்று உள்ளவர்களுக்கும், கல்லுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களுக்கும் இம்முறை கூடாது.

இரண்டாவது, சிறுநீர் வழியே உள்நோக்குக் கருவியைச் செலுத்தும் யூரிடெரோஸ்கோப்பி. இதில் எந்த வெட்டும் இல்லை. சிறுநீர்க்குழாயில் சிக்கிய கல்லுக்கு விறைப்பான கருவியும், சிறுநீரகத்திற்குள் உள்ள கல்லுக்கு வளைந்து செல்லும் கருவியும் பயன்படுகின்றன. வளையும் கருவியின் பருமன் சுமார் மூன்று மில்லிமீட்டர். அதன் வழியே தலைமுடி போன்ற இழையைச் செலுத்தி, லேசர் கதிரால் கல்லைத் தூளாக்குகின்றனர். ஹோல்மியம் லேசரின் ஆற்றலை நீர் உடனே உறிஞ்சிக்கொள்வதால், அது அரை மில்லிமீட்டர் ஆழத்திற்கு மேல் ஊடுருவுவதில்லை. கல்லைச் சுடும் கதிர் அருகிலுள்ள தசையை எளிதில் துளைக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, முதுகுவழித் துளைச் சிகிச்சை. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாகப் ‘பி.சி.என்.எல்.’ என்பர். மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே அல்லது அல்ட்ரா சவுண்ட் பார்த்து, ஊசியால் சிறுநீரகத்தை அடைந்து, அத்துளையை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரை விரித்து, அதன் வழியே கல்லை உடைத்து எடுக்கின்றனர். இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லுக்கும், மான் கொம்பு போல் கிளைத்துச் சிறுநீரகம் முழுவதும் பரவிய கல்லுக்கும் இதுவே முதன்மையான சிகிச்சை. துளையின் அளவை ஐந்து, ஆறு மில்லிமீட்டராகக் குறைத்த ‘மினி’ முறையும் பரவலாகியுள்ளது. குஜராத் மாநிலம் நடியாத்தில் உள்ள முல்ஜிபாய் படேல் சிறுநீரக மருத்துவமனையின் மகேஷ் தேசாய் உள்ளிட்ட குழுவினர், இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான ஊசித்துளையிலேயே கல்லைப் பார்த்து உடைக்கும் ‘மைக்ரோபெர்க்’ முறையை 2011-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தது நம் நாட்டுக்குப் பெருமை.

‘எந்த முறை சிறந்தது?’ என்று நம்மிடம் கேட்கின்றனர். கல்லின் அளவு, இருப்பிடம், கடினம், சிறுநீரகத்தின் அமைப்பு, நோயாளியின் உடல்நிலை ஆகிய ஐந்தையும் பாராமல் இதற்கு விடை கூற இயலாது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்த முறை நமக்கும் பலிக்கும் என்று எண்ணுதல் தவறு.

பயன் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு?

மனம்போன போக்கில் கூறுவதைவிட ஆய்வு முடிவுகளைச் சொல்வதே முறை. 2007 முதல் 2009 வரை உலகின் 96 மருத்துவ மையங்களில் முதுகுவழிச் சிகிச்சை பெற்ற 5,803 நோயாளிகளின் விவரங்கள் திரட்டப்பட்டன. அவர்களுள் 75.7 சதவீதத்தினர் ஒரே சிகிச்சையில் கல் நீங்கப் பெற்றனர். நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேருக்கு எச்சிக்கலும் இல்லை. காய்ச்சல் 10.5 சதவீதத்தினருக்கும், குறிப்பிடத்தக்க இரத்தப்போக்கு 7.8 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. இரத்தம் ஏற்றும் தேவை 5.7 சதவீதத்தினருக்கு நேர்ந்தது. நெஞ்சறையில் நீர் சேர்தல் 1.8 சதவீதத்தினரிடம் காணப்பட்டது.

இவ்வெண்களை நாம் இருவிதமாகவும் படிக்க வேண்டும். ஒரு காலத்தில் பெரும் வெட்டாக இருந்த சிகிச்சையில் பெரும்பாலோர் சிக்கலின்றி வீடு திரும்புகின்றனர் என்பது ஆறுதல். நால்வரில் ஒருவருக்கு எச்சக்கல் இருந்தது என்பதும், பதினெட்டுப் பேரில் ஒருவருக்கு இரத்தம் தேவைப்பட்டது என்பதும் எச்சரிக்கை. ஆகவே இரத்த வசதியும், மயக்க மருந்து வல்லுநரும், தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடத்திலேயே இதைச் செய்துகொள்வது அறிவுடைமை. இரத்தப்போக்கு நிற்காத மிகச் சிலருக்கு, இரத்தக்குழாய் வழியே சென்று கசியும் இடத்தை அடைக்கும் சிகிச்சையும் தேவைப்படலாம்.

யூரிடெரோஸ்கோப்பியைப் பொறுத்தவரை, 2010 முதல் 2012 வரை 32 நாடுகளில் 11,885 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வில், 85.6 சதவீதத்தினருக்குக் கல் நீங்கியது. சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல் 3.5 சதவீதமாக இருந்தது. சிறுநீர்க்குழாய்க் கல்லுக்கு அதிர்வலையா, யூரிடெரோஸ்கோப்பியா என்று பிரிட்டனின் 25 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 1,170 பேரிடம் ஒப்பிட்ட ஆய்வு 2021-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதிர்வலை பெற்றவர்களுள் 22 சதவீதத்தினருக்கும், யூரிடெரோஸ்கோப்பி பெற்றவர்களுள் 10 சதவீதத்தினருக்கும் மேலும் ஒரு சிகிச்சை தேவைப்பட்டது. எனினும் அதிர்வலை பெற்றவர்களுள் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல், கருவி உள்ளே நுழையாமலேயே நலம் பெற்றனர் என்பதையும் மறக்கலாகாது.

அதிர்வலைக்கும் குறைகள் உண்டு. உடைந்த துகள்கள் சிறுநீர்க்குழாயில் வரிசையாக நின்று அடைத்துக்கொள்வதுண்டு. ஜெர்மானியர் இதற்குக் ‘கல் வீதி’ என்று பெயரிட்டனர். அரிதாகச் சிறுநீரகத்தைச் சுற்றி இரத்தம் கட்டுவதும் உண்டு.

இம்மூன்று முறைகளுக்கும் பொதுவான பெரும் எதிரி கிருமித் தொற்று. கல்லுக்குள் கிருமிகள் பதுங்கியிருக்கும். கல்லை உடைக்கும்போது, உள்ளே செலுத்தும் நீரின் அழுத்தத்தால் அவை இரத்தத்தில் கலந்தால், ‘செப்சிஸ்’ எனப்படும் உயிராபத்தான நிலை உருவாகலாம். இதனால்தான் சிகிச்சைக்கு முன் சிறுநீர்க் கிருமிப் பரிசோதனை செய்து, தொற்று இருந்தால் மருந்து கொடுத்து அடக்கிய பின்னரே கருவியை எடுக்கின்றனர். ‘நாளைக்கே ஆபரேஷன் செய்துவிடுங்கள், டாக்டர்’ என்று அவசரப்படுத்துவோர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம். பெரிய கல்லை ஒரே நாளில் முடிக்காமல், ‘மீதியை இரண்டாம் முறை எடுப்போம்’ என்று மருத்துவர் கூறினால், அது அவருடைய திறமைக்குறைவு அன்று. நம் உயிரின் மீது அவர் கொண்ட அக்கறை.

காத்திருக்கக் கூடாத நேரம்

எல்லாக் கல்லுக்கும் சிகிச்சை தேவையில்லை. ஐந்து மில்லிமீட்டருக்குட்பட்ட சிறுநீர்க்குழாய்க் கல் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்கள் காத்திருக்கலாம். ஆனால் கல் வலியோடு குளிர் காய்ச்சல் கண்டால், சிறுநீர் அறவே நின்றால், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவருக்கு அடைப்பு ஏற்பட்டால், அன்றைய பொழுதைக்கூடக் கடத்தலாகாது. அந்நிலையில் மருத்துவர்கள் முதலில் கல்லைத் தொடமாட்டார்கள். உள்ளே குழாய் வைத்தோ, முதுகுப்புறம் ஊசியிட்டோ, தேங்கிய சிறுநீரை வெளியேற்றி உயிரைக் காப்பார்கள். கல்லைப் பின்னர் எடுக்கலாம்.

வலி நின்றுவிட்டது என்பதனாலேயே கல் போய்விட்டது என்று முடிவு செய்யாதீர்கள். கல் அதே இடத்தில் அடைத்திருக்க, வலி மட்டும் அடங்கிப்போவதுண்டு. சிறுநீரகம் ஓசையின்றி வீங்கி மாதக்கணக்கில் பழுதடையும். ஒரு ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்வதே அறிவுடைமை.

வாழைத்தண்டைப் பற்றி ஒரு வார்த்தை. உணவாக உண்பதில் தடையில்லை. ஆனால், இரண்டு சென்டிமீட்டர் கால்சியம் கல்லை அது கரைத்துவிடும் என்று நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது சரியன்று. மருந்தால் கரையும் கல் ஒன்று உண்டு; அது யூரிக் அமிலக் கல். சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்துகளால், மருத்துவரின் மேற்பார்வையில் அதனைக் கரைக்க இயலும். நம் கல் எவ்வகையைச் சார்ந்தது என்று அறிய, வெளிவந்த கல்லைக் குப்பையில் எறியாமல் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

மறக்கப்படும் குழாய்

இவ்வுரையில் வேறெதை மறந்தாலும் இதனை மறவாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். கல்லை எடுத்த பின் பலருக்குச் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை ‘டி.ஜே. ஸ்டென்ட்’ என்னும் மெல்லிய குழாயை வைத்து அனுப்புகின்றனர். வீக்கத்தால் வழி அடைபடாமல் காப்பது அதன் வேலை. பெரும்பாலும் சில வாரங்களில் அதை எடுத்துவிட வேண்டும். நெடுநாள் தேவைப்படுவோருக்கும் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மாற்றியாக வேண்டும்.

நடப்பது என்ன? வலி போய்விட்டது, விடுமுறை முடிகிறது, விசா காலாவதியாகப் போகிறது, பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. ‘அடுத்த முறை ஊர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று நம் சகோதரர் குழாயோடு விமானம் ஏறுகிறார். அடுத்த முறை என்பது இரண்டாண்டுகள் கழித்து வருகிறது. அதற்குள் அக்குழாயின் மீதே கல் படிந்து, குழாய் இறுகி, சில வேளைகளில் முறிந்து, சிறுநீரகமும் செயலிழக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. ஒரு கல்லுக்காக வந்தவர் மூன்று நான்கு சிகிச்சைகளைச் சந்திக்க நேரிடுகிறது. எனவே உடலில் குழாய் உள்ளதா, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்பதை மருத்துவமனைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வீட்டிலுள்ள பெண்மக்களிடமும் சொல்லி வையுங்கள். அவசியம் புறப்பட வேண்டுமாயின், செல்லும் ஊரிலேயே எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்டு புறப்படுங்கள்.

நம் ஜமாஅத்தின் மருத்துவ உதவிப் பிரிவுக்கும் ஒரு வேண்டுகோள். உதவி பெற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பெயருக்கு எதிரே, குழாய் எடுக்க வேண்டிய தேதியையும், அவர்கள் சம்மதத்துடன் குறித்து வைத்து நினைவூட்டினால், செலவில்லாமல் பல சிறுநீரகங்களைக் காக்கலாம்.

கேட்டுத் தெளிய வேண்டியவை

சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கல்லின் அளவென்ன? ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள்? மாற்று வழி உண்டா? ஒரே முறையில் முடியுமா? குழாய் வைக்கப்படுமா? மொத்தச் செலவு என்ன? நீங்கள் உண்ணும் மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். இதய நோய்க்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்பவர்கள், தாமாக நிறுத்தவும் கூடாது. சொல்லாமல் மேசையில் படுக்கவும் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தொற்று ஆபத்து கூடுதல் என்பதால், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து சிகிச்சை பெறுதல் நலம். வசதி குறைந்தோர், அரசு மருத்துவமனையிலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டப் பிரிவிலும் முதலில் விசாரித்தறிந்த பின்னரே கடன் வாங்குவது பற்றிச் சிந்திக்க வேண்டும்.

மீண்டும் வராதிருக்க

கல்லை எடுப்பது பாதி வேலைதான். ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் மீண்டும் வருகிறது. இதைத் தடுக்கும் மலிவான மருந்து தண்ணீர். இத்தாலியில் 199 நோயாளிகளை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து 1996-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் அருந்தியவர்களுள் 12 சதவீதத்தினருக்கே மீண்டும் கல் வந்தது. மற்றவர்களுள் 27 சதவீதத்தினருக்கு வந்தது. குடித்த நீரின் அளவைவிடக் கழிந்த சிறுநீரின் அளவே கணக்கு. சிறுநீர் வெளிர் நிறமாக இருந்தால் போதிய நீர் அருந்துகிறோம் என்று அறியலாம். இதய நோயாளிகளும், சிறுநீரகச் செயல் குன்றியவர்களும் மட்டும் மருத்துவர் குறிக்கும் அளவை மீறலாகாது.

‘கால்சியம் கல், ஆகையால் பாலை நிறுத்திவிட்டோம்’ என்று பலர் கூறுகின்றனர். அதே இத்தாலிய ஆய்வாளர்கள் 120 ஆண்களிடம் ஐந்தாண்டுகள் நடத்தி 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், வழக்கமான அளவில் கால்சியம் உண்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுள் 60 பேரில் 12 பேருக்கே கல் மீண்டது. கால்சியத்தைக் குறைத்தவர்களுள் 60 பேரில் 23 பேருக்கு மீண்டது. ஆகவே பாலும் தயிரும் அளவோடு இருக்கட்டும். குறைக்க வேண்டியவை ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவையும், வாரந்தோறும் வரும் வலீமா விருந்தின் இரண்டாம் தட்டுப் பிரியாணியும்தான்.

ரமலான் நோன்பைப் பற்றியும் கேட்கின்றனர். கல் வந்து நலமடைந்தவர்களுள் பெரும்பாலோர், மருத்துவரின் ஆலோசனையுடன் நோன்பு நோற்க இயலும். இஃப்தார் முதல் சஹர் வரை நீரைப் பகிர்ந்து அருந்த வேண்டும். நோன்பு திறந்தவுடன் உண்ணும் உப்பு மிகுந்த பொரித்த பண்டங்களைக் குறைக்க வேண்டும். பகலில் வெயிலில் உழைப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அடைப்போ, தொற்றோ, அண்மையில் சிகிச்சையோ உள்ளவர்கள், நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை ஆலிம்களிடம் கேட்டறிந்து நடப்பதே முறை.

அன்பிற்குரியவர்களே! சிறுநீரகக் கல்லுக்கு இன்று நல்ல சிகிச்சை உண்டு. உரிய பரிசோதனைக்குப் பின், உரிய முறையைத் தேர்ந்து, உரிய காலத்தில் செய்துகொண்டால் அச்சப்பட ஏதுமில்லை. வெட்டில்லாத சிகிச்சை என்பதற்காக அதை விளையாட்டாகவும் கருதலாகாது. இங்கிருந்து இல்லம் திரும்பியதும், தள்ளிப்போட்ட ஸ்கேன் ஏதேனும் இருந்தால் அதை எடுங்கள்; எடுக்க வேண்டிய குழாய் இருந்தால் தேதியைப் பாருங்கள்; இரண்டுமில்லாதவர்கள் இரண்டு குவளை தண்ணீர் அருந்துங்கள்.